கீழே இறங்கும் படிகள்

லண்டன் போய்த் திரும்பும் பெங்களூர்க்காரர்கள் தவறாமல் ஒன்று சொல்கிறார்கள்: "நம்ம ஊர் மாதிரியே இருக்கு." நானும் சொன்னேன். சொன்ன நாள் முதல் அந்த வாக்கியம் என்னை விடவில்லை. தஞ்சாவூரிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ போனவர்கள் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அவர்களுக்கு லண்டன் முழுக்க அயலூர். குளிர், மங்கிய வெளிச்சம், திண்ணையே இல்லாமல் வரிசையாக ஒட்டி நிற்கும் வீடுகள், எல்லாமே புதிது. அல்சூரிலும் காக்ஸ் டவுனிலும் பிரேசர் டவுனிலும் வளர்ந்தவர்களுக்கு அந்தப் புதுமை வாய்ப்பதில்லை. தேவாலயத்தின் கூர்கோபுரம், பூங்கா நடுவே எண்கோண வாத்திய மேடை, மழை விட்டதும் வெட்டிய புல்லிலிருந்து எழும் வாசனை, தெருமுனைப் பலகையில் யாரோ ஒரு கர்னலின் பெயர். வழி கேட்காமலே கால்கள் திரும்புகின்றன. எனக்கு உறுத்துவது அந்தத் தயக்கமின்மைதான். ஒரு நாட்டுக்குள் முதன்முதலாகக் காலடி வைக்கிறவளுக்கு இவ்வளவு பழக்கம் எங்கிருந்து வந்தது?

கட்டடங்களைக் காட்டிப் பதில் சொல்லிவிடலாம். லால்பாக் கண்ணாடி மாளிகைக்கு லண்டன் கிரிஸ்டல் பேலஸ்தான் முன்மாதிரி என்பது எங்கள் ஊரில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அந்த மூலத்தைப் பார்க்கவேண்டும் என்று ஆசைப்பட்டு ரயிலேறிப் போனேன். 1851-ல் ஹைட் பார்க்கில் எழுப்பி, 1854-ல் தெற்கே சிடனம் மேட்டுக்கு மாற்றிய கட்டடம் அது. 1936 நவம்பர் 30 இரவு எரிந்துபோனது. இப்போது அங்கே இருப்பது அகலமான கற்படிகள், கைப்பிடிச் சுவர், சில ஸ்பிங்க்ஸ் சிலைகள், பிறகு புல். லால்பாகில் இளவரசர் ஆல்பர்ட் விக்டர் அடிக்கல் நாட்டியதும் நவம்பர் 30தான், 1889-ல். தேதி பொருந்தியது தற்செயல். ஆனாலும் அந்தப் படிகளில் உட்கார்ந்திருந்தபோது, மூலம் சாம்பலாகிவிட்டது, எங்கள் ஊரில் இருப்பது நிற்கிறது, குடியரசு தினத்துக்கும் சுதந்திர தினத்துக்கும் பூக்காட்சி நடத்துகிறது என்ற எண்ணம் ஒருவித நிம்மதியைத் தந்தது. குழந்தைகளோடு லண்டன் போகிறவர்கள் கிரிஸ்டல் பேலஸ் பூங்காவைத் தவறவிட வேண்டாம். 1854-ல் செய்துவைத்த டைனோசர் சிலைகள் ஏரிக்கரையில் இன்னும் இருக்கின்றன, நுழைவுக் கட்டணம் கிடையாது. ஆனால் என் பழக்கம் கட்டடங்களால் வந்ததல்ல என்பது அதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டிருந்தது.

கிங்ஸ் கிராஸ் ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் சின்ன ஓட்டல் ஒன்றில் தங்கியிருந்தேன். அந்தப் பகுதியின் பழைய வீடுகளை ஓட்டலாக மாற்றியிருப்பதால் பலவற்றில் லிஃப்ட் இருக்காது. மூன்றாம் மாடிக்குத் தூக்க முடிந்த பெட்டியை மட்டும் கொண்டுபோவது நல்லது. அறைக்குள் போனதும் என் கண்ணில் பட்டது படுக்கை விரிப்பின் மூலை. தொங்கும் துணியை முக்கோணமாக மடித்து மெத்தைமேல் ஒருகணம் போட்டுவைத்து, அடியில் மிஞ்சியதை உள்ளே செருகி, பிறகு முக்கோணத்தை இறக்கி அதையும் செருகினால்தான் அந்த மூலை கிடைக்கும். விரல் நுழையாத இறுக்கம், சாய்வாக ஒரே ஒரு கோடு. மர்பி டவுனில் எங்கள் வீட்டுப் பஞ்சு மெத்தையில் என் பாட்டி போட்ட மூலை அது. பாட்டி ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு துரை வீட்டில் ஆயா. அந்த வீட்டுத் தோட்டத்தின் பின்மூலையில் அவுட்ஹவுஸில் குடியிருந்தவர், வயதானபின் மர்பி டவுனுக்கு வந்தார். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் மேசையில் முள்கரண்டி எந்தப் பக்கம், கஸ்டர்டுக்குப் பால் எந்தச் சூட்டில், குழந்தைக்கு இருமல் வந்தால் ஃபிளானல் துணியை எங்கே கட்டவேண்டும் என்பதெல்லாம் தெரியும். மறுநாள் காலை ஓட்டல் நடைவழியில் விரிப்புகள் அடுக்கிய தள்ளுவண்டியோடு ஒரு பெண் வந்தார். என் வயதுதான் இருக்கும். என்னைக் கண்டதும் வண்டியை இழுத்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டார். கண்ணைத் தாழ்த்தி, தோளைக் குறுக்கி, இருப்பே தெரியாதபடி நிற்கும் அந்த நிலையை நான் பார்த்திருக்கிறேன். பாட்டி ஓய்வுபெற்ற பின்னும், வீட்டுக்கு யாராவது பெரிய மனிதர் வந்தால் கதவோரம் அப்படித்தான் நிற்பார்.

அதன்பிறகு லண்டனில் நான் கீழே பார்த்துத்தான் நடந்தேன். வழிகாட்டி நூல்கள் நிமிர்ந்து பார்க்கச் சொல்கின்றன: கோபுரம், மணிக்கூண்டு, முகப்பு. புளூம்ஸ்பரித் தெருக்களில் நடக்கிறவர்கள் தயவுசெய்து ஒருமுறை குனிந்து பாருங்கள். நடைபாதைக்கும் வீட்டுக்கும் நடுவே கறுப்பு இரும்புக் கம்பிவேலி. அதில் ஒரு சின்னக் கதவு. அதற்குள் குறுகலான கற்படிகள் தெருமட்டத்துக்குக் கீழே இறங்கும். ஈரம் படிந்து பாசி பிடித்திருக்கும். அடியில் தாழ்வான ஒரு கதவும் வெளிச்சம் போதாத ஒரு சன்னலும். வேலைக்காரர்களும் சாமான் கொண்டுவருகிறவர்களும் போய்வந்த வழி அது. முன்வாசலுக்கு மேலே ஏறும் படிகள், அதன் பக்கத்திலேயே கீழே இறங்கும் படிகள். ஒரே வீட்டுக்கு இரண்டு திசை. நடைபாதைக் கற்களுக்கு இடையே தட்டளவு வட்ட இரும்பு மூடிகள் தென்படும். பூவேலைப்பாடு, விளிம்பில் வார்ப்பாலையின் பெயர். நிலக்கரி வண்டிக்காரன் வீட்டுக்குள் கால் வைக்காமலே தெருவிலிருந்து கரியைக் கொட்டுவதற்கான துளைகள் அவை. கரி நடைபாதைக்கு அடியிலுள்ள அறையில் விழும். விடிவதற்கு முன்பே ஒரு சிறுமி அதை வாளியில் அள்ளி நான்கு மாடி ஏறுவாள். டவுட்டி தெருவில் 48-ஆம் எண் வீடு சார்லஸ் டிக்கன்ஸ் 1837 முதல் 1839 வரை குடியிருந்தது, இப்போது அருங்காட்சியகம். அவருடைய எழுதுமேசையைப் பார்க்கத்தான் எல்லோரும் போகிறார்கள். அடித்தளத்துச் சமையலறையிலும் துணி வெளுக்கும் அறையிலும் கொஞ்சம் நில்லுங்கள். அங்கே சுவரின் குளிர்ச்சி உடம்பில் வந்து ஏறுகிறது. எங்கள் ஊரில் நிலம் தாராளமாக இருந்ததால் துரைமார்கள் கீழே தோண்டவில்லை, பின்னால் தள்ளினார்கள். அவுட்ஹவுஸும் மலம் அள்ளுகிறவர்கள் வந்துபோன கன்சர்வன்சி லேன்களும் பெங்களூரின் கீழ்ப்படிகள். அந்தச் சந்துகள் பலவற்றில் இன்று பைக் நிறுத்துகிறார்கள்.

சர்ச்சில் பெங்களூரில் இருந்த கதையை எங்கள் ஊர்க்காரர்கள் விருப்பமாகச் சொல்வார்கள், கிளப்பில் அவர் பாக்கி வைத்த 13 ரூபாயோடு சேர்த்து. 1896-ல் இருபத்தோரு வயது இளம் அதிகாரியாக வந்தவர் அவர். 1930-ல் வெளியான இளமை நினைவு நூலில் அந்த பங்களா வாழ்க்கையைப் பிரியமாக எழுதியிருக்கிறார். அதில் ஒரு பட்டியல் வருகிறது. மூன்று அதிகாரிகள் சேர்ந்து குடியிருந்த வீட்டில் ஆளுக்கொரு பட்லர், உடுத்திவிட ஆள்கள், குதிரைக்கு ஒரு குதிரைக்காரன். பொதுவாக இரண்டு தோட்டக்காரர், மூன்று தண்ணீர் சுமப்பவர், நான்கு வண்ணார், ஒரு காவல்காரர். எண்ணிக்கை சரியாக இருக்கிறது. பெயர் ஒன்றுகூட இல்லை. தண்டு என்ற ஆங்கிலேயப் படைக்குப் பின்னால் வடஆற்காட்டிலிருந்தும் செங்கல்பட்டிலிருந்தும் நடந்துவந்து, தண்டு மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றி, இந்த ஊரிலேயே மண்ணாகிப்போன குடும்பங்களின் ஆள்கள் அந்த எண்களில் இருந்திருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். லண்டன் பாராளுமன்றச் சதுக்கத்தில் சர்ச்சிலின் பெரிய வெண்கலச் சிலை நிற்கிறது. அதன் கீழே நின்று எல்லோரையும்போல நானும் படம் எடுத்துக்கொண்டேன். அந்த மேலங்கியின் மடிப்பைப் பார்த்தபோது, இதைத் துவைத்து இஸ்திரி போட்டவர்களில் நான்கு பேர் எங்கள் ஊர்க்காரர்கள் என்ற நினைப்பு வந்தது.

கிங்ஸ் கிராஸ் நிலையத்துக்குள் சுவரில் பாதி புதைந்த தள்ளுவண்டி ஒன்று இருக்கிறது. ஹாரி பாட்டர் கதையில் வரும் ஒன்பதே முக்கால் நடைமேடை. எப்போதும் நீண்ட வரிசை, அதில் எப்போதும் நம்மவர்கள். உங்கள் கைபேசியில் படம் எடுத்தால் காசில்லை. கழுத்துத் துண்டை அங்கேயே கொடுத்து வாங்கிக்கொள்வார்கள். காலையில் சீக்கிரம் போனால் அரைமணியில் முடியும். அதே நிலையத்தில் 1908-ல் இந்திய ஆயா ஒருவரை, அவரை வேலைக்கு வைத்திருந்த குடும்பம் கையில் ஒரு பவுண்டைக் கொடுத்து விட்டுவிட்டுப் போனது. இது தனிச் சம்பவம் அல்ல. சூயஸ் வழிக் கப்பல்களில் துரைசானிகளும் குழந்தைகளும் ஊர் திரும்பும்போது கடல் கடக்கும்வரைக்கும் ஆயா வேண்டும். கரை சேர்ந்தால் வேண்டாம். திரும்பும் டிக்கெட் சிலருக்கு உண்டு, சிலருக்கு இல்லை. அப்படி நின்றவர்களுக்காக ஒரு விடுதி இருந்தது. முதலில் ஆல்ட்கேட் பக்கம், 1900 முதல் ஹாக்னியில் கிங் எட்வர்ட்ஸ் ரோடு 26-ஆம் எண் வீட்டில், 1921-ல் அதே தெருவின் 4-ஆம் எண்ணுக்கு. லண்டன் சிட்டி மிஷன் என்ற கிறித்தவ அமைப்பு நடத்தியது. அதன் நடைமுறை எளிமையானது, யோசித்தால் நெஞ்சை அடைப்பது. ஆயாவை அழைத்துவந்த எஜமானி, அவருடைய திரும்பும் டிக்கெட்டை விடுதி மேற்பார்வையாளரிடம் ஒப்படைப்பார். இந்தியா புறப்படும் வேறொரு குடும்பத்துக்கு ஆயா தேவைப்படும்போது அந்த டிக்கெட்டையும் ஆயாவையும் சேர்த்து அவர்களிடம் அனுப்புவார்கள். அதுவரை காத்திருக்கவேண்டும். கண்ணாடிக்கு வெளியே பனி விழும். உள்ளே வெவ்வேறு மொழி பேசும் பெண்கள் தைத்துக்கொண்டிருப்பார்கள். ஆண்டுக்கு நூறு பேர்வரை வந்துபோனதாகக் கணக்கு. 2022 ஜூனில் 26-ஆம் எண் வீட்டுச் சுவரில் ஒரு நீலத் தகடு பதித்தார்கள். ஃபர்ஹானா மமூஜி என்ற ஹாக்னிப் பெண் விடாமல் கேட்டு வாங்கித் தந்தது அது.

அந்தத் தகட்டின் எதிரே நின்றபோது எனக்கு வந்தது துக்கம் மட்டுமல்ல. 1920-களின் தொடக்கத்தில் வந்த ஒரு லண்டன் பத்திரிகைக் கட்டுரையில் ஆண்டனி பெரேரா என்ற ஆயாவைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. அவர் 54 முறை கடல் கடந்தவர். ஐம்பத்து நான்கு! அந்தக் காலத்தில் எந்த இந்திய ராஜாவும் வக்கீலும் அவ்வளவு முறை போயிருக்க முடியாது. டி.பி. பாண்டியன் என்ற நம்மூர்க்காரர் 1897-ல் இங்கிலாந்தைப் பற்றி ஆங்கிலத்தில் நூல் எழுதினார். அதே காலத்தில் சென்னைப் பத்திரிகை ஆசிரியர் ஜி. பரமேஸ்வரன் பிள்ளை லண்டனையும் பாரிசையும் பற்றி எழுதினார். பிற்பாடு தமிழில் ஏ.கே. செட்டியார், சோமலெ, விகடனில் மணியன் என்று ஒரு பயண எழுத்து மரபே வளர்ந்தது. அவர்களைப் படித்துத்தான் என் தலைமுறை வெளிநாட்டைக் கனவு கண்டது. ஆனால் 54 முறை போனவர் எழுதிய பக்கம் ஒன்றும் கிடையாது. கடல் கொந்தளிக்கும்போது பச்சைக்குழந்தையை எந்தப் பக்கம் சாய்த்துப் பிடித்தால் வாந்தி எடுக்காது, மெல்லிய புடவையின் கீழே எத்தனை கம்பளி வேண்டும், டில்பரித் துறையில் இறங்கியதும் யாரை நம்பலாம், யாரை நம்பக்கூடாது. லண்டனைப் பற்றி ஓர் இந்தியர் சொல்லக்கூடிய நடைமுறை அறிவு அவரிடம்தான் நிறைந்திருந்தது. அது சமையல் பக்குவம் மாதிரி வாய்வழியாக இன்னொரு ஆயாவுக்குப் போய், அங்கிருந்து எங்கோ மறைந்துவிட்டது. அவரை வெறும் பாவப்பட்டவராக நினைக்கவும் எனக்கு மனம் வரவில்லை. ஐம்பத்து நான்கு முறை ஒருவரைக் கட்டாயப்படுத்திக் கூட்டிப்போக முடியுமா? தொழிலில் தேர்ச்சி, கூலியில் பேரம், கப்பல் மேல்தளத்துக் காற்றில் ஒரு சுதந்திரம்கூட அவருக்கு இருந்திருக்கலாம். என் பாட்டி கடலையே பார்த்ததில்லை. அந்த வீட்டுச் சுவரை என் குடும்பச் சுவராகக் கொண்டாட எனக்கு எவ்வளவு உரிமை என்பதும் தெளிவாக இல்லை. விரிப்பின் மூலை மட்டும்தான் சாட்சி.

இதைச் சொன்னபோது என் தோழி கேட்டாள், "நாலு நாள் லீவு போட்டுக் காசு செலவழிச்சுப் போறோம். அங்க போயும் மனசைக் கனமாக்கிக்கணுமா?" அவள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஜூன் மாதத்தில் இரவு ஒன்பது மணிக்கும் தேம்ஸ்மேல் வெயில் கிடக்கும்போது, நாள் முழுக்க நடந்த கால்வலியோடு பாலத்தின் கைப்பிடியில் சாய்ந்து நிற்கிற சந்தோஷம் பொய் அல்ல. அதை நான் யாருக்காகவும் விட்டுத்தர மாட்டேன். அவளுக்கு நான் கொடுத்த குறிப்புகளும் அந்தச் சந்தோஷத்துக்கானவைதான். பஸ்ஸில் காசு வாங்குவதில்லை, தட்டிக் கட்டணம் செலுத்தும் கார்டு இருந்தால் போதும். ஒருமுறை தட்டினால் ஒரு மணி நேரத்துக்குள் வேறு பஸ் மாறினாலும் மறுபடி கட்டணம் இல்லை. மாடி பஸ்ஸின் மேல்தளத்து முன் இருக்கையைப் பிடித்துவிட்டால் சுற்றுலாப் பேருந்து தேவையே இல்லை. பெரிய தேசிய அருங்காட்சியகங்களுக்குக் கட்டணம் கிடையாது. எல்லாவற்றையும் பார்க்கப் பேராசைப்படாமல் ஒரு கூடத்தில் உட்காரலாம். ஞாயிற்றுக்கிழமை பெரிய கடைகள் ஆறு மணி நேரம்தான் திறக்கும். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். நம் மூன்று உருண்டை முனை பிளக் அங்கே நுழையாது, அடாப்டரை இங்கேயே வாங்கிக்கொள். கூடவே ஒன்றும் சொன்னேன்: புறப்படும் காலையில் விரிப்பைக் கழற்றி உருட்டிவைத்துவிடு, தலையணையடியில் ஏதாவது பணம் வை. தோழி பதில் சொல்லவில்லை. சுமையில்லாத விடுமுறை என்று ஒன்று உண்டா என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை. நாம் இறக்கிவைக்கும் சுமையை யாரோ எடுத்து அடுக்குவதால்தான் அது விடுமுறையாகிறது. ஒருகாலத்தில் அந்த யாரோ எங்கள் வீட்டு மனிதர்கள். இப்போது மாறிவிட்டது. சாவி அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நடைவழியில் வருகிறவள் நான்.

நடைவழி லண்டனில் மட்டும் இல்லை. நான் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டு லிஃப்ட்கள். வீட்டு வேலைக்கு வருகிறவர்கள் எதில் ஏறவேண்டும் என்று எங்கும் எழுதி ஒட்டவில்லை, எல்லோருக்கும் தெரியும். குப்பை வாளிகளும் காய்கறி மூட்டைகளும் போகும் பின்பக்க லிஃப்டில்தான் அவர்கள் வருகிறார்கள். தரை தேய்ந்து, விளக்கு மினுக்கிக்கொண்டு இருக்கும். புளூம்ஸ்பரியில் கம்பிவேலிக்குள் குனிந்து பார்த்தபிறகு எனக்கு அந்த லிஃப்டைத் தாண்டிப் போக முடியவில்லை. சங்கக் கூட்டத்தில் பேச்சை எடுத்தேன். பாதுகாப்பு, சுத்தம் என்று சொன்னார்கள். இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் மாடியில் ஓர் இளம் தம்பதி. இரட்டைக் குழந்தைகள். கோடையில் லண்டன் போகிறார்கள், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு. தருமபுரிப் பக்கத்துக்காரர், வேலைக்கு வந்து இரண்டு வருடத்துக்குமேல் ஆகிறது. நான் போய்வந்தவள் என்பதால் ஆலோசனை கேட்க வந்தார்கள். அவரவர் விசாவைப் பற்றி அவர்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அந்த அம்மாவுடையதை ஏஜென்ட் பார்த்துக்கொள்வார் என்றார்கள். உட்காரவைத்துச் சொன்னேன். சுற்றுலா விசாவில் அவரை வேலைக்குக் கூட்டிப்போகக் கூடாது, வீட்டுப் பணியாளருக்கென்று தனி விசா இருக்கிறது. குறைந்தது ஓராண்டு அவர் உங்களிடம் வேலை செய்திருக்க வேண்டும். அதிகபட்சம் ஆறு மாதம், நீட்டிக்க முடியாது. அங்கே இருக்கும் நாள்களுக்கு அந்நாட்டுக் குறைந்தபட்ச ஊதியத்துக்குக் குறையாமல் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். எஜமானரை மாற்றிக்கொள்ளும் உரிமையை 2012-ல் எடுத்துவிட்டார்கள், 2016-ல் அந்த ஆறு மாதத்துக்குள் மட்டும் என்று திருப்பிக் கொடுத்தார்கள். பிரச்சினை என்றால் போய்ச் சொல்ல லண்டனில் கலயான் என்ற அமைப்பு 1987 முதல் இருக்கிறது. அந்தப் பெயரைத் தமிழில் எழுதி அவரிடம் கொடுத்துவையுங்கள். பாஸ்போர்ட்டைப் பத்திரத்துக்காக என்று நீங்கள் வாங்கி வைக்காதீர்கள். திரும்பி வரும் டிக்கெட்டை அச்செடுத்து அவர் கைப்பையில் போடுங்கள், தேதி எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள். அவருக்கு வாரத்தில் ஒருநாள் விடுமுறை உண்டு. அன்றைக்குக் குழந்தைகளை நீங்கள் பார்த்துக்கொண்டு, ஒரு பஸ் கார்டை அவர் கையில் கொடுங்கள். ஹாக்னி ரோடு வழியாகப் போகும் 55-ஆம் எண் பஸ், மேர் ஸ்ட்ரீட்டில் இறங்கினால் கிங் எட்வர்ட்ஸ் ரோடு பக்கம்தான். அந்த வீட்டில் இப்போது யாரோ குடியிருக்கிறார்கள், அதனால் எதிர் நடைபாதையில் நின்று பார்த்தால் போதும். தகட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதை நான் அவருக்குப் புறப்படும் முன்பே சொல்லிவிடுகிறேன் என்றேன். குழந்தைகளின் தாய் எல்லாவற்றையும் கைபேசியில் குறித்துக்கொண்டாள். மறுநாள் மாலை அந்த அம்மா தானே வந்து கதவைத் தட்டினார். அவருக்கு என்னிடம் இருந்த முதல் கேள்வி, அங்கே அரிசி எந்தக் கடையில் கிடைக்கும் என்பது.